சீலாஸும் கறுப்புக் குதிரையும்: நம் பட்டணத்தில் பிறந்தவர் எழுதிய கதை



பிரெடெரிசியா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புல் மூடிய கோட்டை மேடுகளும், கோடு போட்டதுபோல் நேராக ஓடும் தெருக்களும், ஜூலை மாத விழாவும்தான். இதே பட்டணத்தில் 1927ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி பிறந்த ஒரு பெண், பிற்காலத்தில் உலகச் சிறுவர் இலக்கியத்தின் மிக உயர்ந்த விருதைப் பெற்றார். அவர் பெயர் செசில் பொட்கர். பள்ளிக்கூடத்தில் அவருடைய பெயரைக் கேள்விப்பட்ட பிள்ளைகள் நம் சபையிலும் இருக்கலாம். பெற்றோரில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்கமாட்டோம்.

செசில் பொட்கர் முதலில் பழகிய தொழில் வெள்ளி வேலை. கையால் தட்டி, உருக்கி, மெருகேற்றும் வேலை. 1955இல் அவருடைய முதல் கவிதைப் புத்தகம் வெளிவந்தது. பெரியவர்களுக்காக எழுதிவந்த அவர் 1967இல் சிறுவர்களுக்காக ஒரு நாவல் எழுதினார். அது டென்மார்க் அக்கடமியின் சிறுவர் நூல் பரிசைப் பெற்றது. 'சீலாஸ் ஓ டென் சோர்ட ஹொப்ப' என்பது அதன் டேனிஷ் பெயர். தமிழில் சொன்னால் 'சீலாஸும் கறுப்புப் பெண்குதிரையும்'. பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலோடு நடுராத்திரியில் பாடிய சீலாவின் பெயர்தான் இந்தப் பையனுக்கும்.

1976இல் ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் விருது அவருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு ஓவியருக்கான விருதும் ஸ்வென்ட் ஒட்டோ எஸ் என்னும் டென்மார்க்காரருக்கே போனது. சீலாஸின் கதை ஒரு புத்தகத்தோடு நிற்கவில்லை. 1967 முதல் 2001 வரை 14 புத்தகங்கள் வந்தன. முதல் புத்தகத்தைப் பத்து வயதில் வாசித்த பிள்ளைக்குக் கடைசிப் புத்தகம் வந்தபோது வயது நாற்பத்து நான்கு! ஜெர்மன் தொலைக்காட்சி 1981இல் இதைத் தொடராக எடுத்தது. பாட்ரிக் பாஹ் என்ற சிறுவன் சீலாஸாக நடித்தான். 2020 ஏப்ரலில், தமது 93ஆம் வயதில் செசில் பொட்கர் காலமானார்.

வாளை விழுங்க மறுத்த பையன்

கதை எந்த நாட்டில் நடக்கிறது, எந்தக் காலத்தில் நடக்கிறது என்று ஆசிரியர் சொல்வதில்லை. ஒரு ஆறு இருக்கிறது. ஏழைக் கிராமங்கள் இருக்கின்றன. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. குதிரை வைத்திருப்பவன் பெரிய மனிதன்.

சீலாஸ் ஊர் ஊராகச் சென்று வித்தை காட்டும் கூட்டத்தில் வளர்ந்தவன். அவன் வாள் விழுங்கும் வித்தையைக் கற்கவேண்டும் என்று பெரியவர்கள் தீர்மானிக்கிறார்கள். அவனுக்கு அது வேண்டாம். ஒரு சிறு ஓடத்தில் ஏறிப் படுத்துக்கொண்டு, ஆறு போகிற போக்கில் போய்விடுகிறான். எங்கே போகிறோம் என்று அவனுக்கே தெரியாது.

வழியில் பார்த்தொலின் என்னும் குதிரை வியாபாரியைச் சந்திக்கிறான். அவனிடம் ஒரு கறுப்புப் பெண்குதிரை நிற்கிறது. அழகான மிருகம், ஆனால் அடங்காதது. அதன்மேல் ஏறிக் காட்டினால் குதிரை உனக்கே என்று பந்தயம் பேசப்படுகிறது. எங்கிருந்தோ வந்த இந்தச் சிறுவன் குதிரைகளுக்கு நடுவே வளர்ந்தவன் என்று பார்த்தொலினுக்குத் தெரியாது. சீலாஸ் பந்தயத்தில் வெல்கிறான். வீடும் காசும் இல்லாத ஒரு பையனுக்கு உலகத்தில் சொந்தமென்று ஒரே ஒரு உயிர் கிடைக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் இது பையன்கள் பகலில் காணும் கனவு மாத்திரமே. ஆனால் செசில் பொட்கரின் கதை இங்கேதான் சூடுபிடிக்கிறது. குதிரை கையில் வந்த நிமிடம் முதல் சீலாஸின் தொல்லையும் ஆரம்பிக்கிறது. அதற்குப் புல் வேண்டும், தண்ணீர் வேண்டும், இரவில் பத்திரமான இடம் வேண்டும். காண்கிறவர்கள் எல்லாரும், இவ்வளவு பெரிய குதிரை உனக்கு எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். ஏழைகளின் கிராமத்துக்கு வருகிறான். வறுமை அந்த மனிதர்களை இரக்கமுள்ளவர்களாக்கிவிடவில்லை. அவர்களுடைய கண் குதிரையின்மேல் விழுகிறது. தட்டிக் கேட்க ஒருவரும் இல்லாத சிறுவனுடைய பொருளை எடுத்துக்கொள்வது அவர்களுக்குப் பெரிய பாவமாகத் தெரிவதில்லை.

அந்தக் கிராமத்தில்தான் பென்-கோடிக் அறிமுகமாகிறான். மாடு மேய்க்கும் பையன், ஒரு கால் நொண்டி. கண் தெரியாத மரியா என்னும் சிறுமியும் இந்தத் தொடரில் வருகிறாள். ஊர் பெரிதாக மதிக்காத பிள்ளைகள் இவர்கள். ஆனால் ஆசிரியர் அவர்களைப் பரிதாபத்துக்குரியவர்களாக மூலையில் உட்கார வைப்பதில்லை. அவர்களுக்குச் சொந்தப் புத்தியும் கோபமும் துணிவும் இருக்கின்றன. 1969இல் வந்த இரண்டாம் புத்தகத்தின் பெயரே 'சீலாஸும் பென்-கோடிக்கும்'. ஓடத்தில் தனியாக வந்தவனுக்குக் குதிரையால் ஒரு தோழன் கிடைக்கிறான். பிறகு வரும் புத்தகங்களில் ஒரு குடும்பம் உருவாகிறது, கடைசியில் மலையின்மேல் ஒரு ஊரே உருவாகிறது.

நம் வீடுகளில் வாசிக்கலாமா?

பெற்றோர் சிலர் இவ்வளவும் வாசித்ததும் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரிகிறது. வீட்டைவிட்டு ஓடிப்போனவன், பெரியவர்களுக்கு எதிர்த்துப் பேசுகிறவன், தேவைப்பட்டால் தந்திரமும் செய்கிறவன். இவனையா நம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது?

நேரான கேள்வி. நேராகவே பதில் சொல்லவேண்டும். சீலாஸ் கீழ்ப்படிதலுக்கு மாதிரி அல்ல. 1967இல் டென்மார்க்கின் சிறுவர் புத்தகங்களிலும் இப்படிப்பட்ட பிள்ளை புதியவன்தான். பெரியவர் வந்து காப்பாற்றுவார் என்று காத்திராமல் தானே யோசித்து முடிவெடுக்கும் பிள்ளை அவன்.

ஆனால் அவன் எதை மறுத்தான் என்பதைக் கவனியுங்கள். அவன் வேலை செய்ய மறுக்கவில்லை. குதிரையைப் பராமரிப்பது வாள் விழுங்குவதைவிடக் குறைந்த உழைப்பு அல்ல. தன் தொண்டைக்குள் இரும்பை இறக்கவேண்டும் என்று மற்றவர்கள் முடிவு செய்தபோது, ‘உனக்கு விருப்பமா, உனக்கு நோகுமா’ என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைத்தான் அவன் மறுத்தான். எபேசியருக்கு எழுதின நிருபத்தில் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலைச் சொல்லும் அதே பகுதி, அடுத்த மூச்சில் தகப்பன்மாரையும் எச்சரிக்கிறது. முதல் பாதியை நாம் அடிக்கடி சொல்கிறோம். இரண்டாம் பாதியை அவ்வளவாகச் சொல்வதில்லை.

நம் பிள்ளைகளை ஒருவரும் வாள் விழுங்கச் சொல்வதில்லை. ஆனால் வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு சொற்கள் சில பிள்ளைகளின் தொண்டையில் அப்படியே நிற்கின்றன. வேறொன்றில் திறமை உள்ள பிள்ளை அதைச் சொல்லத் தயங்குகிறது. மரவேலையில் கை ஓடுகிறவன், மிருக வைத்தியம் படிக்க ஆசைப்படுகிறவள், பண்ணையில் வேலை பழக விரும்புகிறவன் நம் நடுவிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஓடத்தில் ஏறுவதில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

இன்னொரு உண்மையும் உண்டு, இதைப் பிள்ளைகள் கேட்கவேண்டும். 1980களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கையின் யுத்தத்தைவிட்டு டென்மார்க்குக்கு வந்த நம் பெற்றோரில் பலர் அப்போது இருபது வயதை எட்டியும் எட்டாமலும் இருந்த வாலிபர்கள். கையில் ஒரு பை, தெரியாத பாஷை, எங்கே போய்ச் சேருவோம் என்று தெரியாத பயணம். ஆற்றில் ஓடம் போகிற போக்கில் போன சீலாஸின் நிலை அப்பாவுக்குப் புதியதல்ல. அந்தக் கதையை அவர் சொல்லாமல் வைத்திருக்கலாம். நீங்கள் கேட்காமலும் இருந்திருக்கலாம்.

பிரெடெரிசியாவுக்கும் இது பழக்கமான கதைதான். மூன்றாம் பிரெடெரிக் மன்னர் 1650இல் நிறுவிய இந்தக் கோட்டைப் பட்டணம், மற்ற இடங்களில் வழிபாட்டு உரிமை இல்லாதவர்களுக்கு இடம் கொடுத்தது. பிரான்சைவிட்டு விசுவாசத்தினிமித்தம் ஓடின ஹியூகெனோ குடும்பங்களின் வழிவந்தவர்கள் 1720ஆம் ஆண்டளவில் இங்கே குடியேறி, புகையிலையும் உருளைக்கிழங்கும் பயிரிட்டார்கள். அவர்களுடைய சீர்திருத்த ஆலயம் இன்றும் இங்கே நிற்கிறது. அவர்களை வரவேற்ற நான்காம் பிரெடெரிக் மன்னர்தான் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்குவை அனுப்பியவர். ஓடிவந்தவர்கள் வேர்விட்ட மண்ணில் பிறந்த ஒருவர், ஓடிப்போன பையன் ஒருவன் எப்படி வேர்விட்டான் என்று எழுதினார்.

இன்னொரு பையன், இன்னொரு ஓடம்

சீலாஸ் வீட்டுக்குத் திரும்பாத பையன். திரும்பிவந்த பையனின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நமக்குப் பாடம் முழுமையாகும். அமெரிக்க எழுத்தாளர் மார்ஜரி கின்னன் ரோலிங்ஸ் 1938இல் எழுதிய 'தி இயர்லிங்' அப்படிப்பட்டது. ஒரு வயதுக் குட்டி என்பது அந்தப் பெயரின் பொருள். 1939இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1946இல் கிரெகரி பெக் நடித்த திரைப்படமாகவும் வந்தது.

ஜோடி பாக்ஸ்டர் புளோரிடாவின் காட்டு நிலத்தில் வாழும் ஏழை விவசாயியின் ஒரே பிள்ளை. ஒரு நாள் தகப்பன் பென்னியை விஷப்பாம்பு கடிக்கிறது. விஷத்தை இழுப்பதற்காக அவர் ஒரு பெண்மானைச் சுட்டு, அதன் ஈரலை எடுத்துக் கடிவாயில் வைக்கிறார். உயிர் தப்புகிறார். அந்த மானின் குட்டி அநாதையாகிறது. தகப்பனைக் காப்பாற்ற ஒரு தாய் செத்ததால், அதன் குட்டியைத் தான் வளர்ப்பதே நியாயம் என்று ஜோடி கேட்கிறான். தகப்பன் சம்மதிக்கிறார். வெள்ளை வால் கொடிபோல் ஆடுவதால் குட்டிக்குக் கொடி என்று பொருள்படும் 'ஃபிளாக்' என்ற பெயர் வருகிறது.

குட்டி வளர்கிறது. வளர்ந்த மான் தோட்டத்துச் சோளப் பயிரின் முளையைத் தின்கிறது. ஜோடி மறுபடியும் விதைக்கிறான், வேலியை உயர்த்துகிறான். மான் அதையும் தாண்டுகிறது. கடைக்குப் போய் மா வாங்கும் குடும்பம் அல்ல அது. சோளம் போனால் அந்த ஆண்டு பட்டினிதான். நோயாகப் படுக்கையில் கிடக்கும் தகப்பன், மானைக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுடும்படி மகனிடம் சொல்கிறார். ஜோடியால் முடியவில்லை. தாய் சுடுகிறாள். குறி தவறி மான் காயப்படுகிறது. துடிக்கும் மிருகத்தின் வேதனையை முடிக்கவேண்டிய வேலை கடைசியில் ஜோடியின் கைக்கே வருகிறது. தகப்பனை வெறுத்து அவன் வீட்டைவிட்டு ஓடுகிறான். அவனும் ஒரு பழைய ஓடத்தில்தான் ஏறுகிறான். பசி என்றால் என்ன என்று அந்த ஆற்றில்தான் அவனுக்கு முதன்முதலாகத் தெரிகிறது. தகப்பன் எதற்குப் பயந்தார் என்பதும் அப்போதுதான் விளங்குகிறது. அவன் திரும்புகிறான். தகப்பன் காத்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையில் விளக்கம் தேவையில்லை. ஆட்டுக்குக் குழை முறித்துப் போட்டவர்கள், கொட்டிலில் கன்றோடு கதைத்தவர்கள், வேலி பாய்ந்து அடுத்த வளவுக்குள் போன ஆட்டுக்காக அயலவரிடம் ஏச்சு வாங்கியவர்கள் நம் சபையில் இருக்கிறார்கள். ஆசையாய் வளர்த்த கிடாய் ஒரு நாள் விருந்துக்காகப் போனதும், அன்றைக்குச் சோறு இறங்காமல் இருந்ததும் சிலருடைய மனதில் இன்னும் இருக்கும். 'வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது' என்று நன்றிகெட்டவர்களைப் பற்றி நாம் பழமொழி சொல்கிறோம். ஃபிளாக் நன்றிகெட்ட மிருகம் அல்ல. அது வளர்ந்தது, அவ்வளவுதான். குற்றவாளி ஒருவரும் இல்லாமலே துக்கம் வரலாம் என்பதை ஜோடி கற்றுக்கொள்கிறான்.

இரண்டு பையன்களும் வளர்ந்தது எப்போது? சீலாஸ் பந்தயத்தில் வென்ற அன்று அல்ல. ஜோடி மான்குட்டியைத் தூக்கிவந்த அன்றும் அல்ல. தன்னுடைய உயிர்ப்பிராணிக்காகத் தான் பதில் சொல்லவேண்டும் என்று உணர்ந்தபோது அவர்கள் வளர்ந்தார்கள். ஒருவன் அதைக் காப்பாற்றிப் பதில் சொன்னான். மற்றவன் அதை இழந்து பதில் சொன்னான். முதலாவது வழியைத்தான் நாம் எல்லாரும் விரும்புவோம். எந்த வழி வரும் என்று தெரிந்தெடுக்கும் உரிமை எப்போதும் நமக்குக் கிடைப்பதில்லை.

ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டி

வேதாகமத்திலும் ஒரு வளர்ப்புப் பிராணியின் கதை உண்டு. 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் சொல்லும் கதை அது. ஏழை ஒருவனிடம் ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி. அது அவன் பிள்ளைகளோடு வளர்ந்து, அவன் உணவில் பங்கு பெற்று, மகளைப்போல் அவன் மடியில் கிடந்தது. ஆடுமாடுகள் நிறைந்த ஐசுவரியவான் தன் விருந்தாளிக்காக அந்த ஒன்றைப் பிடித்துச் சமைத்தான். கேட்ட தாவீது கொதித்தெழுந்தான்.

நாத்தான் ஏன் நேராக உரியாவின் பெயரைச் சொல்லாமல் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்தார்? தாவீது ஆடு மேய்த்து வளர்ந்த பையன். சிங்கத்தின் வாயிலிருந்தும் கரடியின் வாயிலிருந்தும் குட்டியைப் பிடுங்கியவன். ராஜாவின் மனம் கடினப்பட்டுப் போயிருந்தது. ஆனால் அந்த மேய்ப்பப் பையன் உள்ளே இன்னும் உயிரோடிருந்தான். நாத்தான் அவனோடுதான் பேசினார். சிறுவயதில் ஒரு உயிரை நேசித்துக் காத்தவனுக்கு, மற்றவனுடைய ஒரே ஆட்டுக்குட்டியைப் பறிப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று விளங்கும். சீலாஸின் குதிரைமேல் கண்வைத்த ஊராருக்கு அது விளங்கவில்லை.

இந்த வருஷம் வீட்டில்

கோட்டை மேடுகளுக்குள் அடுக்குமாடி வீட்டில் வாழும் நமக்குக் குதிரையோ மான்குட்டியோ கிடைக்காது. சில வீடுகளில் பூனை இருக்கிறது, முயல் இருக்கிறது, மீன்தொட்டி இருக்கிறது. பிராணி வேண்டும் என்று அழுதவர்கள் இரண்டு மாதம் கழித்துக் கூட்டைக் கழுவ அம்மாவைக் கூப்பிடும் கதை உங்கள் வீட்டிலும் உண்டா? அப்படியானால் சீலாஸ் உங்களுக்காகவே எழுதப்பட்டவன். பிராணியே இல்லாத வீட்டிலும் உங்கள் கையை நம்பி ஒன்று இருக்கும். தம்பியாக இருக்கலாம், அம்மம்மாவின் மருந்து நேரமாக இருக்கலாம்.

நம் வீடுகளுக்கு ஒரு யோசனை. நூலகத்தில் சீலாஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு டேனிஷ் ஓடும், பெற்றோருக்குத் தமிழ் ஓடும். ஆகவே பிள்ளைகள் டேனிஷில் ஒரு அதிகாரம் வாசித்து, இராச்சாப்பாட்டு நேரத்தில் அதைத் தமிழில் சொல்லட்டும். பெண்குதிரைக்கும் ஓடத்துக்கும் கடிவாளத்துக்கும் தமிழ்ச் சொல் தேடும்போது பாஷையும் வளரும். அப்பாவும் அம்மாவும் பதிலுக்குத் தாங்கள் வளர்த்த ஆட்டையோ மாட்டையோ பற்றி ஒரு கதை சொல்லவேண்டும். வாளை விழுங்க மறுத்த இடம் வரும்போது, பெற்றோர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருங்கள்: "உன்னிடம் நாங்கள் கேட்காமலே தீர்மானித்த காரியம் ஏதாவது உண்டா?"

சீலாஸ் பிடித்துப்போனால் செசில் பொட்கரின் மற்றப் புத்தகங்களும் இருக்கின்றன. 1970இல் வந்த 'லெயொபார்டன்' எத்தியோப்பிய மலைநாட்டில் மாடு மேய்க்கும் திபேசோ என்ற பையனின் கதை. மாடுகள் காணாமற்போவதற்குச் சிறுத்தை மட்டும்தான் காரணமா என்று அவன் தேடிப் போகிறான். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1977இல் அமெரிக்காவில் பாட்செல்டர் விருது பெற்றது. பெரிய பிள்ளைகளுக்கு, 1980களில் இரண்டு பாகமாக வந்த 'மரியாஸ் பார்ன்', அதாவது 'மரியாளின் பிள்ளை'. இயேசுவின் வாழ்வைத் தாயின் பக்கத்திலிருந்து கற்பனை செய்த நாவல் அது. சுவிசேஷத்தோடு ஒத்துப்போகும் இடங்களையும் ஒத்துப்போகாத இடங்களையும் வாலிபர் கூடுகையில் வைத்துப் பேசலாம்.

முதலில் சீலாஸோடு ஆரம்பியுங்கள். வாசித்து முடித்தவர்கள், உங்கள் வீட்டு ஆட்டுக்கதையையோ மாட்டுக்கதையையோ பெரியவர்களிடம் கேட்டு எழுதி அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதக் கடினமாக இருந்தால் அம்மாவிடம் சொல்லி எழுதுவியுங்கள்.